விண்டோஸ் 11 அடித்துக் கொடுக்கும் கடை, திறவுகோலையும் கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் கணினிக் கடை வைத்திருக்கிற எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். "இந்த மெஷின் இனிமேல் ஓடாதா?" என்பது ஒன்று. "பதினொன்று அடிச்சுத் தருவீங்களா?" என்பது மற்றது. முதலாவதற்குப் பதில், ஓடும். இரண்டாவதற்குத்தான் உடனே ஓம் என்று சொல்லிவிடக் கூடாது. விண்டோஸ் 7ஐயும் 10ஐயும் அடித்த அதே கைப்பழக்கத்தில் 11ஐயும் அடித்துக் கொடுத்தால், என்றோ ஒருநாள் வாடிக்கையாளரின் படங்களும் கணக்குகளும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் ஒரு பூட்டுக்குள் போய்விடும். அந்தப் பூட்டை உடைக்க எந்தக் கடையாலும் முடியாது.

முதலில் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு. வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீடித்துக்கொள்ளும் வழியை மைக்ரோசொப்ட் திறந்து வைத்திருக்கிறது. கணினியில் விண்டோஸ் 10இன் கடைசி வேர்ஷனான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் "என்ரோல் நவ்" என்ற இணைப்பு தெரியும். மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போய், செட்டிங்ஸ்களை அந்தக் கணக்கில் பேக்கப் செய்யச் சம்மதித்தால் பணம் கட்டத் தேவையில்லை. பேக்கப் வேண்டாம் என்றால் 30 டொலர். ஒரு கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். பாடசாலைகளுக்கு இது பொருந்தாது. கல்வி நிறுவனங்களுக்கென்று தனித் திட்டம் உண்டு. அதில் கணினி ஒன்றுக்கு முதலாம் ஆண்டு 1 டொலர், அடுத்து 2, அதற்கடுத்து 4 டொலர். ஒரு பாடசாலையின் கணினி கூடத்தில் 20 பழைய மெஷின்கள் இருந்தால், அத்தனையையும் "காலாவதி" என்று ஒதுக்கி வைக்க முன்பு அதிபர்கள் இதை வலயக் கல்வி அலுவலகத்தோடு கதைத்துப் பார்க்க வேண்டும். ஒஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே ஒக்டோபர் 14இல்தான் ஆதரவு முடிந்தது என்பதையும் பலர் கவனிக்கவில்லை.

அடுத்து, இப்போது அதிகம் பேர் ஏமாறும் இடம்: பாவித்த லெப்டொப் வாங்குவது. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ரெம், 64 ஜி.பி. டிஸ்க், ரி.பி.எம். 2.0 (திறவுகோல்களைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் வசதி) வேண்டும் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். உண்மையில் வெட்டுவது மைக்ரோசொப்ட்டின் புரொசசர் பட்டியல்தான். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். ஐ3, ஐ5, ஐ7 என்ற ஸ்டிக்கர் இதற்கு ஒன்றுமே சொல்லாது. ஐ7 என்று எழுதியிருக்கும் 6ஆம் தலைமுறை மெஷின் தகுதியில்லை. 8ஆம் தலைமுறை ஐ3 தகுதியானது.

புரொசசர் பெயரில் சிறு கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யூ என்றால் 7ஆம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் 8ஆம் தலைமுறை. ஐ5-10210யூ, ஐ5-1035ஜி1 இரண்டும் 10ஆம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்பது 11ஆம் தலைமுறை. இந்த மூன்றிலும் முதல் ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் "முதலாம் தலைமுறை" என்று நினைத்து நல்ல மெஷினை வேண்டாம் என்று விட்டுவிடுவீர்கள். வெளித்தோற்றத்தை நம்பவே வேண்டாம். எச்.பி. எலீட்புக் 840 வரிசையில் பெரும்பாலும் ஜி3 என்பது 6ஆம் தலைமுறை, ஜி4 என்பது 7, ஜி5 என்பது 8. பழக்கமில்லாதவருக்கு வித்தியாசம் இலகுவில் தெரியாது. திங்க்பேட் ரி470க்கும் ரி480க்கும் இடையிலும் அப்படித்தான், ரி480இலேயே 7ஆம் தலைமுறை போட்டு வந்தவையும் உண்டு. ஆகவே மொடல் பெயரோடு நிறுத்தாமல், கணினியை ஓன் பண்ணி, சிஸ்டம் விபரத்தில் புரொசசர் எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஏ.எம்.டி. பக்கம் இன்னும் சிக்கல்: மேசைக் கணினியின் ரைசன் 5 2600 பட்டியலில் இருக்கிறது, லெப்டொப்பில் வரும் ரைசன் 5 2500யூ இல்லை. மலிவு லெப்டொப்களில் செலரோன் என்4000க்கு இடமுண்டு, என்3350க்கு இடமில்லை.

தகுதியில்லாத மெஷினிலும் 11 ஓடுகிறதே என்று கேட்பார்கள். ரூஃபஸ் என்ற கருவியால் பென் டிரைவ் தயாரிக்கும்போது ரி.பி.எம்., புரொசசர் சோதனைகளை அகற்றிவிடலாம், உண்மை. ஆனால் அப்படி அடித்த கணினிக்கு ஆண்டுதோறும் வரும் புதிய வேர்ஷன் தானாக வராது. ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். அப்டேட்களுக்கு மைக்ரோசொப்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 2024இல் வந்த 24எச்2 வேர்ஷன் முதல், எஸ்.எஸ்.இ. 4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத புரொசசர்களில் விண்டோஸ் 11 தொடங்கவே தொடங்காது. கோர் 2 டுவோ மெஷின்கள் எல்லாம் அதோடு சரி. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிட்டு அடித்தால் அது ஒரு விடயம். சொல்லாமல் "ஒரிஜினல் விண்டோஸ் 11 லெப்டொப்" என்று விற்பது பிழை. 4ஆம், 5ஆம் தலைமுறை மெஷினில் இணையம், வேர்ட், பாடக் காணொளி பார்ப்பதுதான் தேவை என்றால், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை அடித்துக் கொடுங்கள். 2029 வரை அப்டேட் வரும். தமிழ் யூனிகோட் நன்றாகத் தெரியும். லிப்ரே ஒஃபிஸும் கூடவே வரும்.

தகுதியான மெஷினே "தகுதியில்லை" என்று காட்டும் நிலையும் உண்டு. அநேகமாக 8ஆம், 9ஆம் தலைமுறை மேசைக் கணினிகளில் நடக்கும். காரணம் இரண்டு. ஒன்று, ரி.பி.எம். பயோஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) அணைந்திருக்கும். இன்டெல் மதர்போர்ட்களில் பி.ரி.ரி. என்றும் ஏ.எம்.டி. மதர்போர்ட்களில் எஃப்.ரி.பி.எம். என்றும் பெயர். அதை எனேபிள் செய்தால் போதும், தனியாகச் சிப் வாங்கத் தேவையில்லை. இரண்டாவது, விண்டோஸை அன்று அடித்தவர் பழைய லெகசி முறையில், எம்.பி.ஆர். என்ற பழைய வடிவில் பிரித்த டிஸ்க்கில் அடித்திருப்பார். அப்படியிருக்க, பழைய முறையில் தொடங்க விடும் சி.எஸ்.எம். என்ற அமைப்பை மட்டும் பயோஸில் அணைத்தால் கணினி பூட் ஆகாமல் நிற்கும். பயந்துபோய் ஃபோர்மட் அடிக்கிறார்கள். தேவையில்லை. சி.எஸ்.எம்.ஐ மறுபடி ஓன் பண்ணினால் பழையபடி எழும்பும். பிறகு விண்டோஸோடு வரும் எம்.பி.ஆர். டூ ஜி.பி.ரி. (mbr2gpt) என்ற, டிஸ்க்கைப் புதிய வடிவுக்கு மாற்றும் கட்டளையை, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கொமாண்ட் புரொம்ப்டில், முதலில் வலிடேட் என்று கொடுத்துச் சோதியுங்கள். சரி என்றால் கன்வேர்ட். இரண்டிலும் அலவ் ஃபுல் ஓ.எஸ். (/allowFullOS) என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்து அது வேலை செய்யாது. கன்வேர்ட் முடிந்த பிறகே பயோஸில் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும்.

வலிடேட் தோற்றால் அநேகமாகக் காரணம் எங்கள் ஊர்ப் பழக்கம்தான். ஒரு டிஸ்க்கைச் சி, டி, ஈ, எஃப் என்று நாலாகப் பிரித்துக் கொடுப்பது. எம்.பி.ஆர்.இல் பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பிரிவு) மூன்றுக்கு மேல் இருந்தாலோ, பல பிரிவுகளை உள்ளடக்கும் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் ஒன்று இருந்தாலோ அந்தக் கட்டளை மறுத்துவிடும். அப்போது ஈ, எஃப் இரண்டிலும் உள்ளதை வெளி டிஸ்க்கில் எடுத்து, அவற்றை அழித்துவிட்டு மறுபடி முயல வேண்டும். எடுத்த பிரதி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்க்காமல் அழிக்க வேண்டாம்.

புதிதாக அடிக்கும்போது வரும் இன்னொரு குழப்பம்: 11ஆம் தலைமுறை, அதற்குப் பிந்திய லெப்டொப்கள் பலவற்றில் டிஸ்க்கே இல்லை என்று செட்டப் சொல்லும். டிஸ்க் பழுது என்று கழற்றிக் கொண்டுவந்து தருகிறவர்கள் உண்டு. டிஸ்க் நன்றாகவே இருக்கும். டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் வி.எம்.டி. என்ற அமைப்புக்கான ஆர்.எஸ்.ரி. டிரைவரை, விரித்த கோப்புறையாக அதே பென் டிரைவில் போட்டு, லோட் டிரைவர் என்பதில் காட்டினால் டிஸ்க் தெரியும். வைஃபை டிரைவர் இல்லாமல் செட்டப் இணையம் கேட்டு நின்றால், ஒரு ஃபோனை யு.எஸ்.பி. வயரில் கொழுவி, ஃபோனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங்கை ஓன் பண்ணுங்கள். பெரும்பாலும் அது கைகொடுக்கும்.

2025 செப்டம்பர் 30இல் வந்த 25எச்2 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 24எச்2 இருக்கும் கணினிக்கு அது ஒரு ரீஸ்டார்ட்டோடு முடிகிற சிறிய பொதி. கோப்புகள் பெரும்பாலும் ஒன்றே. ஆதரவுக் காலம்தான் நீள்கிறது: ஹோம், புரோ பதிப்புகளுக்கு 24எச்2 என்றால் 2026 ஒக்டோபர் 13 வரை, 25எச்2 என்றால் 2027 ஒக்டோபர் 12 வரை. ஆகவே ஏற்றிக்கொள்வதே நல்லது. 4 ஜி.பி. ரெம்மில் ஓடும் என்பது தாளில் மட்டும். பிரவுசரில் ஐந்து பக்கம் திறந்தால் திணறும், 8 ஜி.பி. வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் 11ஐ அடித்துக் கொடுக்கவே கூடாது. அப்டேட் ஓடும் நேரத்தில் டாஸ்க் மெனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 வீதத்திலேயே நிற்கும், மவுஸ் நகராது. ஸ்டார்ட் மெனு நடுவில் இருப்பது பிடிக்காதவர்கள் டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம். ரைட் கிளிக்கில் பழைய பட்டியல் வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள்.

இனித்தான் முக்கியமான விடயம்.

24எச்2 முதல், தகுதியான கணினியில் விண்டோஸைப் புதிதாக அடித்து மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போனால், டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஓன் ஆகிறது. ஹோம் பதிப்பிலும்தான். யாரும் கேட்பதில்லை, பெரிய அறிவித்தலும் இல்லை. டிஸ்க் முழுவதும் பூட்டப்படுகிறது, திறவுகோல் போர்டிலுள்ள ரி.பி.எம்.இல் இருக்கிறது. தினமும் பாவிக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. ஒருநாள் பயோஸ் அப்டேட் ஆகும், அல்லது போர்ட் மாற்றப்படும், அல்லது யாரோ பயோஸில் செக்யூர் பூட்டை அணைப்பார்கள். கணினியை ஓன் பண்ணினால் நீலத் திரையில் ரெகவரி கீ கேட்கும். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். அதன் கீழே கீ ஐ.டி. என்று ஓர் அடையாளம் தெரியும்.

அந்த 48 இலக்கம் விண்டோஸ் அடித்த நாளில் கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கேள்வி, அது யாருடைய கணக்கு என்பதுதான். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் இல்லை என்பதற்காகக் கடைப் பையன் தன்னுடைய கணக்கைப் போட்டிருப்பார். அல்லது அந்த நேரத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார். அல்லது கட்டாரில் வேலை செய்யும் மகனின் ஃபோன் இலக்கத்தைக் கொடுத்திருப்பார்கள், உறுதிப்படுத்தும் குறியீடு இன்று அவர் பாவிக்காத சிம்முக்குப் போகும். கணக்கு கையில் இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் உள்ளது திரும்பி வராது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் கொழுவினாலும் வராது. பணம் கொடுத்தாலும் வராது. விண்டோஸ் 7 காலத்தில் பாஸ்வேர்ட் மறந்தால் ஐந்து நிமிடத்தில் உடைத்துக் கொடுத்த அனுபவத்தை வைத்துக்கொண்டு "பயப்படாதீங்க, எடுத்துத் தாறன்" என்று சொல்லும் கடைக்காரர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் கணினியில் இது ஓனா என்று இப்போதே பார்க்கலாம். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன். ஓன் என்றால், ஃபோனில் மைக்ரோசொப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லெப்டொப்பின் பெயருக்குக் கீழே ரெகவரி கீயை எடுத்துத் தாளில் எழுதுங்கள். கீ ஐ.டி.யின் முதல் 8 எழுத்துகளையும் பக்கத்தில் எழுதுங்கள், ஒரே கணக்கில் மூன்று நாலு கணினி இருந்தால் எது எதற்குரியது என்று அதை வைத்துத்தான் பிரித்தறியலாம். கணக்குக்குள் போக முடியவில்லை என்றால், கணினி இன்னும் வழமைபோல் எழும்புகிற இந்த நேரத்திலேயே அதே பக்கத்தில் என்கிரிப்ஷனை ஓஃப் பண்ணுங்கள். டிஸ்க்கின் அளவைப் பொறுத்து நேரமெடுக்கும், சார்ஜரைக் கழற்ற வேண்டாம். பூட்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. லெப்டொப் களவு போனால் உள்ளே உள்ளதைக் காப்பாற்றுவது அதுதான். பிரதேச செயலகத்தில், வைத்தியசாலையில், வங்கியில் வேலை செய்கிறவர்களுக்கு அது அவசியம். திறவுகோல் உரியவரிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன் டிரைவும் இதே வகைச் சிக்கல். புதிய செட்டப்பில் டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் தானாகவே ஒன் டிரைவுக்குள் மாற்றப்படுகின்றன. இலவச இடம் 5 ஜி.பி.தான். ஒரு கலியாண அல்பத்துக்கே அது போதாது. நிரம்பியதும் சிவப்பு எச்சரிக்கை வரும். வைரஸ் என்று பயந்து, இணையத்தில் ஒன் டிரைவைத் திறந்து படங்களை அழிக்கிறார்கள். அங்கே அழித்தால் கணினியிலும் அழியும். அழித்துவிட்டால் ஒன் டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாட்களுக்குள் தேடிப் பாருங்கள். சரியான முறை: ஒன் டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்தி, கோப்புகளை ஒன் டிரைவ் கோப்புறையிலிருந்து கணினியின் கோப்புறைக்கு நகர்த்தி, அவை அங்கே திறக்கின்றனவா என்று பார்ப்பது.

அச்சகங்கள், கொமியூனிகேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பாமினி எழுத்துருவில் செய்த விண்ணப்பங்கள், அழைப்பிதழ்கள் எல்லாம் புதிய மெஷினில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகத் திறக்கும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஃபோர்மட்டுக்கு முன்பு விண்டோஸுக்குள் உள்ள ஃபொன்ட்ஸ் கோப்புறையை முழுமையாகப் பிரதி எடுங்கள். திரும்ப ஏற்றும்போது வெறுமனே இன்ஸ்டோல் கொடுக்காமல், ரைட் கிளிக்கில் "இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்" கொடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துரு அந்த ஒரு பயனருக்கு மட்டுமே போகும், பழைய மென்பொருள்கள் சிலவற்றின் பட்டியலில் அது தெரியாது. லதா எழுத்துருவைத் தேடுகிறவர்கள் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸைச் சேர்க்க வேண்டும். 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால், மிகப் பழைய 16 பிட் பில் மென்பொருள்கள் ஓடவே ஓடா. அவற்றை நம்பியிருக்கும் கடைகள் அந்தப் பழைய கணினியை இணையத்தில் கொழுவாமல் தனியாக வைத்திருப்பதே பாதுகாப்பு.

அலுவலகங்களில் 24எச்2 வந்த பிறகு ஷெயார் பண்ணிய கோப்புறை திறக்கவில்லை, பிரிண்டர் தெரியவில்லை என்ற முறைப்பாடு அதிகம். பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் இணைப்பைப் புரோ பதிப்பு இப்போது ஏற்பதில்லை, டிஜிட்டல் கையொப்பமிட்ட இணைப்பையே கேட்கிறது. கோப்புகள் உள்ள கணினியில் பாஸ்வேர்டோடு ஒரு பயனரை உருவாக்கி, மற்றக் கணினிகளில் அந்தப் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாதுகாப்பையே அணைத்துவிடும் கோப்புகளை யூரியூபில் பார்த்து இறக்க வேண்டாம்.

மாரி காலத்தில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மேசைக் கணினி பூட் ஆகாமல் போகலாம். யு.பி.எஸ். இருக்கிறதென்று நம்பிவிடக் கூடாது. 650 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றின் 12 வோல்ட் 7 ஏ.எச். பட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், பிறகு ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பிளக்கைக் கழற்றிச் சோதித்துவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள். பயோஸ் அப்டேட் என்றால் கட்டாயம். டேட்டா அளவாகப் பாவிக்கிறவர்கள் டொங்கிள் இணைப்பை மீட்டர்ட் (டேட்டா அளவுள்ள இணைப்பு) என்று குறித்துவைக்கலாம், ஆனால் மாதம் ஒருமுறையாவது அப்டேட்டை விடுங்கள். 2011ஆம் ஆண்டின் செக்யூர் பூட் சான்றிதழ்களுக்கு 2026 ஜூனிலிருந்து காலம் முடியத் தொடங்குகிறது. அவற்றுக்குப் பதிலான புதியவை பெரும்பாலான கணினிகளுக்கு அப்டேட் வழியாகவே வருகின்றன. லைசன்ஸ் இல்லாமல் அக்டிவேட் செய்யும் கிராக் போட்டு, அப்டேட்டையும் டிஃபெண்டர் என்ற வைரஸ் காப்பையும் அணைத்து வைத்திருக்கும் மெஷின்களுக்கு அவை போய்ச் சேராது. ஒழுங்கான லைசன்ஸோடு விண்டோஸ் 10 இருந்த கணினியில் 11 இலவசமாகவே அக்டிவேட் ஆகும் என்பதால், அவற்றில் கிராக் போடுவதற்குக் காரணமே இல்லை.

எங்கள் தொழிலில் உள்ள அனைவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். விண்டோஸ் 11 அடிக்கும் நாளில் கணினிக்குரியவரை, அவருடைய ஃபோனோடு, பக்கத்தில் இருத்துங்கள். கணக்கை அவர் பெயரில், அவர் கையிலுள்ள இலக்கத்தில் திறவுங்கள். அவருக்குக் கணக்கு வேண்டாம் என்றால், புரோ பதிப்பில் "டொமைன் ஜொயின்" என்பதைத் தெரிவுசெய்து, அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்கு ஒன்றைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் பில்லோடு ஒரு தாளில் நான்கு விபரம் எழுதிக் கொடுங்கள்: கணக்கின் மின்னஞ்சல், புரொசசர் எண், விண்டோஸ் வேர்ஷன், ரெகவரி கீயின் 48 இலக்கம். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம், அது அவருடையது. வாங்குகிறவர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் எழும்ப வேண்டாம். வாங்கியதை லெப்டொப் பைக்குள் வைக்காதீர்கள். அடையாள அட்டைப் பிரதியும் காணி உறுதியும் இருக்கும் ஃபைலில் வையுங்கள்.

இப்படிக்கு,
கணினிக் கடை உரிமையாளர் ஒருவர்,
கல்முனை